மலையிலிருந்து இன்னும் இறங்கவில்லை

என்னங்க,

எத்தனை தடவை அழைத்தாலும் நீங்கள் போனை எடுக்கவில்லை, அதனால் எழுதி வைக்கிறேன். சாரணர் குழுவோடு மலையேறப் போன நம் பெண் இன்னும் இறங்கவில்லை. வழியில் விறகு வெட்டுபவர் ஒருவர் கால் முறிந்து பள்ளத்தில் கிடந்தாராம். பிள்ளைகள் இரண்டு கழிகளில் மழைக்கோட்டுகளைக் கோர்த்து, அதில் அவரைப் படுக்கவைத்துத் தூக்கி வருகிறார்கள் என்று குழுவை நடத்தும் டீச்சர் போனில் சொன்னார். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. பிறகு அவர் போனும் கிடைக்கவில்லை. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பக்கத்து வீட்டு டிரைவர் தம்பியின் வண்டியில் அடிவாரத்துக்குப் போகிறேன்.

சாப்பாடு அடுப்பின் மேல் இருக்கிறது, சுடவைத்துக்கொள்ளுங்கள். அவள் அறை ஜன்னலைச் சாத்துங்கள், படுக்கை நனையும்.

"பரீட்சை நேரத்துல மலையேத்தம் ஒரு கேடா?" என்று நேற்று கத்தினீர்கள். காலையில் அவள் "போயிட்டு வரேம்ப்பா" என்றபோது நீங்கள் பேப்பரிலிருந்து முகத்தை எடுக்கவில்லை. வாசல் வரை உங்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

பி.கு.: செருப்பு மாட்டும்போது டீச்சர் கூப்பிட்டார். எல்லோரும் பத்திரமாக இறங்கிவிட்டார்கள். அந்த மனிதரும் பிழைத்துக்கொண்டார். அவர் மயங்கிவிடாமல் இருக்க நம் பெண்தான் வழியெல்லாம் பேச்சுக் கொடுத்துக்கொண்டே வந்தாளாம். போனை வாங்கி என்னிடம் முதலில் கேட்டது, "அம்மா, அப்பாவுக்கு இன்னும் கோவமா?"

"அதை அப்பாகிட்டயே கேளு" என்றேன். கூட்டி வருகிறேன், நீங்களே வந்து கதவைத் திறந்துவிடுங்கள்.