சமக்குறிக்கு இரண்டு பக்கம்

அன்புள்ள குட்டிம்மாவுக்கு,

நானும் அப்பாவும் இங்கே சௌக்கியம். நீயும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டே எழுத உட்கார்ந்திருக்கிறேன், ஆனால் போன வாரம் போனில் நீ இருமியது இன்னும் காதிலேயே நிற்கிறது, போய்விட்டதா இல்லையா என்று பதிலில் முதல் வரியிலேயே எழுதிவிடு. இங்கே துணி துவைக்கும் மெஷினுக்குக் கால் முளைத்துவிட்டது, சுற்ற ஆரம்பித்தால் குளியலறையிலிருந்து நடந்து கூடத்துக்கே வந்துவிடுகிறது. ஆளைக் கூப்பிடலாம் என்றால் உன் அப்பா கேட்டால்தானே, "எதுக்குடி தண்டச் செலவு, நான் இருக்கேன்ல" என்று அதன்மேல் ஏறி உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார், அவரும் சேர்ந்து ஆடுகிறார். மாடிவீட்டு அக்கா இந்த வயதில் சைக்கிள் கற்றுக்கொள்கிறாள். முட்டியெல்லாம் சிராய்ப்பு, முகமெல்லாம் சிரிப்பு. உன் அறை ஜன்னலைத் தினமும் திறந்து மூடுகிறேன், ஏன் என்று கேட்காதே.

இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம். போனில் சொல்ல வராத ஒன்று இருக்கிறது, அதற்காகத்தான் காகிதம் எடுத்தேன். நீ ஊரைவிட்டுப் போனபிறகு பள்ளியில் எனக்கு ஒரு அறை கொடுத்தார்கள், மாடிப்படிக்குக் கீழே, முன்பு விளையாட்டு சாமான் போட்டு வைத்திருந்த அறை, இன்னும் ரப்பர் பந்து வாசனை போகவில்லை. ஏழாம் வகுப்பில் கணக்கில் தடுமாறுகிற பிள்ளைகளை மட்டும் கடைசிப் பாடவேளையில் அங்கே என்னிடம் அனுப்புவார்கள். அரையாண்டுத் தேர்வில் முன்னேற்றம் தெரியவில்லை என்றால் அறையை மூடிவிடுவதாகப் பெரிய டீச்சர், அதாவது எங்கள் தலைமையாசிரியை, முதல் நாளே சொல்லிவிட்டார். விளையாட்டு சாரும் வாரம் ஒருமுறை வாசலில் நின்று, தன் வலைகளை எந்த மூலையில் போடலாம் என்று கண்ணாலேயே அளந்துவிட்டுப் போவார். ஆனால் பிள்ளைகள் தேறிக்கொண்டு வந்தார்கள் குட்டிம்மா. வாயைத் திறக்காமல் இருந்ததுகள் கேள்வி கேட்க ஆரம்பித்தன, அதிலும் ஒருத்தி கேட்கிற கேள்விக்கு அவளுக்கு வக்கீல் என்றே பெயர் வந்துவிட்டது. அதனால் அரையாண்டுத் தாள்களைத் திருத்த உட்கார்ந்தபோது எனக்கு ஒரு பயமும் இல்லை. கடைசியில் பார்த்தால் ஒருத்தரும் பாஸ் இல்லை. எல்லாரும் ஒன்றிரண்டு மதிப்பெண்ணில் போயிருந்தார்கள்.

இத்தனை மாதம் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தியது வீண்தானா என்று எனக்கு ஆற்றாமையாகிவிட்டது. தாள்களை மறுபடி புரட்டியபோதுதான் உறைத்தது. கணக்கு தெரியாத பிள்ளை வழியில் எங்காவது தடுக்கி விழும், ஒவ்வொன்றும் ஒவ்வொரு இடத்தில். இவர்களில் முக்கால்வாசிப் பேர் எல்லாப் படியும் ஒழுங்காக ஏறி, கடைசிப் படியில் மட்டும் சொல்லிவைத்தாற்போல விழுந்திருந்தார்கள். வக்கீலைக் கூப்பிட்டு என்னடி இது என்றேன். காலால் தரையைத் தேய்த்துவிட்டு, "எவ்ளோ மார்க் விடணும்னு நான்தான் டீச்சர் கணக்குப் போட்டுக் குடுத்தேன், நீங்க சொல்லிக்குடுத்த சதவீதத்துலதான்" என்றாள். சிரிப்பதா அடிப்பதா, நீயே சொல். ஏன் என்றால், "பாஸானா திரும்ப எல்லாரும் இருக்கற அந்தப் பெரிய வகுப்புக்குத்தானே அனுப்புவீங்க? அங்க கேட்டா 'இதுகூடத் தெரியலையா'ன்னு சிரிப்பாங்க. இங்க கேட்டா நீங்க நாற்காலிய இழுத்துப் போட்டுட்டுப் பக்கத்துல வந்து உக்காருவீங்க" என்றாள். அறை தங்கள் கையைவிட்டுப் போய்விடக்கூடாது என்று, அந்த அறையை மூடுவதற்கான காரணத்தைத் தாங்களே எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், மக்குப் பிள்ளைகள். அன்றிலிருந்து எல்லாவற்றையும் சந்தேகப்படும் வியாதி எனக்கு வந்துவிட்டது. நீ ஒவ்வொரு வாரமும் ஒரே குரலில் "நல்லா இருக்கேம்மா" என்கிறாயே, அதைக்கூட இப்போது இரண்டாம் முறை திருத்திப் பார்க்கிறேன்.

பெரிய டீச்சரிடம் போய் உள்ளதைச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "காப்பியடிச்சா என்ன தண்டனைன்னு தெரியும், பெயிலாகறதுக்குத் திருட்டுத்தனம் பண்ணா என்ன பண்ணணும்னு யாரும் எனக்குச் சொல்லித் தரலையே" என்றார். மறுதேர்வு வைக்க ஒப்புக்கொண்டார், அதற்குமேல் ஒரு வாக்கும் தரவில்லை. பிள்ளைகளிடம் நான் மறைக்கவில்லை. தெரிந்ததை எழுதினால் பெரிய வகுப்புக்குப் போகவேண்டி வரும், எழுதாவிட்டால் அறையே போய்விடும் என்றேன். "ரெண்டுலயும் எங்களுக்குத்தானே டீச்சர் நஷ்டம்" என்றாள் வக்கீல். ஆமாம் என்றேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு எழுதினார்கள், எழுதிப் பாஸும் ஆனார்கள், ஒருத்தியைத் தவிர.

அவளுக்கு ரிப்பன் என்று பெயர், பேசவேண்டி வந்தால் பின்னல் ரிப்பனைப் பிடித்து முறுக்கிக்கொண்டு நிற்பாள். முதல் தேர்வில் வாங்கிய அதே மதிப்பெண். எனக்குக் கோபம் தலைக்கேறி, இன்னுமா நடிக்கிறாய் என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டேன். அவள் ரிப்பனை முறுக்கினாள். வக்கீல்தான் எழுந்து, "டீச்சர், அவளுக்கு நான் கணக்குப் போட்டே குடுக்கல. அவளுக்குத் தேவைப்படல" என்றாள். அத்தனை பொய்த் தப்புகளுக்கு நடுவே ஒரு நிஜத் தப்பு உட்கார்ந்திருந்தது எனக்குத் தெரியாமலே போயிருக்கிறது பார். அன்று மற்றவர்களை அனுப்பிவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன். கூட்டல், கழித்தல், வாய்ப்பாடு எல்லாம் கடகடவென்று சொல்கிறாள், சமன்பாடு என்று வந்தால் மட்டும் விழிக்கிறாள். ஒரு காகிதத்தில் இப்படி எழுதிக் கொடுத்தேன்:

8 + 4 = ☐ + 5

யோசிக்கவே இல்லை, கட்டத்தில் பன்னிரண்டு என்று எழுதினாள். ஏன் என்றதற்கு, "இந்த ரெண்டு கோடு வந்தா பதில் எழுதணும் டீச்சர்" என்றாள். பக்கத்தில் ஐந்து நிற்கிறதே அது என்ன என்றால், "அது அடுத்த கணக்கு." முதல் வகுப்பிலிருந்து எல்லாப் புத்தகத்திலும் சமக்குறிக்கு அப்புறம் காலியிடம்தான் இருந்திருக்கிறது, அது பதில் எழுது என்கிற கட்டளை என்றுதானே ஒரு குழந்தை எடுத்துக்கொள்ளும். மேஜையில் சாக்பீஸ் துண்டுகளை இந்தப் பக்கம் எட்டும் நாலும், அந்தப் பக்கம் ஐந்து மட்டும் வைத்து, இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்க என்ன செய்வாய் என்றேன். மெதுவாக எண்ணி எண்ணி ஏழு துண்டு எடுத்து வைத்தாள். பிறகு அந்தக் காகிதத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "அப்போ இத்தனை வருஷமா நான் வேற கேள்விக்குப் பதில் எழுதிட்டிருந்தேனா?" என்றாள். அழவில்லை குட்டிம்மா, கோபப்பட்டாள். அந்தக் கோபத்தைப் பார்த்தபிறகு எனக்கு அவளைப் பற்றிய கவலை பாதி போய்விட்டது.

ஆனால் பெரிய டீச்சர், "ஒத்தப் புள்ளைக்கு ஒரு ரூமா?" என்று கேட்டுவிட்டார். விளையாட்டு சார் அதற்குள் வலைகளைச் சுருட்டிக்கொண்டு வந்து மூலையில் போட்டாயிற்று. எங்கிருந்து தைரியம் வந்ததோ, ரிப்பனுக்குக் கொடுத்த அந்த ஒரு வரியை ஒரு துண்டுத் தாளில் எழுதி அவர் மேஜையில் வைத்து, எல்லா வகுப்பிலும் இதைப் போடச் சொல்லுங்கள், எல்லாரும் சரியாகப் போட்டால் அறைச் சாவியை நானே கொடுத்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். அப்பாவிடம் சொன்னால், "நீ ஏண்டி சாவியப் பந்தயம் கட்டின?" என்று மெஷின்மேல் இருந்தபடியே கேட்டார். மறுநாள் காலை பெரிய டீச்சர் தானே சாக்பீஸை எடுத்துக்கொண்டு போனார், முதல் ராங்க் வாங்குகிற வகுப்பிலிருந்தே ஆரம்பித்தார். திரும்பி வந்து ஆசிரியர் அறையில் உட்கார்ந்து ஒரு டம்ளர் தண்ணீர் முழுவதையும் குடித்தார். "முதல் பெஞ்சு முழுக்கப் பன்னிரண்டு. ஒருத்தன் பதினேழுன்னு எழுதியிருக்கான். இதுங்கல்லாம் எப்படிம்மா பாஸாகுதுங்க?" என்றார். நாம் கேட்கிற கேள்வியில் கடைசியில்தானே காலியிடம் விடுகிறோம் என்றேன். அவர் டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு, இனி மதிப்பெண் பார்த்து யாரையும் அந்த அறைக்கு அனுப்பவும் வேண்டாம், அங்கிருந்து எடுக்கவும் வேண்டாம், யாருக்குச் சந்தேகம் வந்தாலும் கடைசிப் பாடவேளையில் வரட்டும் என்றார். வலைகள் மட்டும் மூலையிலேயே கிடக்கின்றன, விளையாட்டு சாருக்கும் ஏதாவது மிஞ்சவேண்டாமா.

நேற்றுதான் முதல் நாள். எங்கள் பழைய கூட்டம் மொத்தமும் வந்து இடம் பிடித்துவிட்டது, வக்கீல் எல்லாருக்கும் முன்னால். கொஞ்சம் கழித்து அந்த முதல் ராங்க் வகுப்பிலிருந்து ஒரு நெட்டைப் பையன் வாசலில் வந்து நின்றான், பந்து எடுக்க வந்தவன் மாதிரி வலையையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் வாய் திறப்பதற்குள் முன் பெஞ்சிலிருந்து ரிப்பன், "பந்தா, கணக்கா?" என்றாள். அவனுக்குக் காதெல்லாம் சிவந்துவிட்டது, "கணக்கு" என்றது அவனுக்கே கேட்டிருக்காது. "அதுக்கு ஏன் வெளிய நிக்கற, உள்ள வா, இங்க யாரும் சிரிக்க மாட்டாங்க" என்று சொல்லிவிட்டு, தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அவனுக்கு இடம் விட்டாள்.

கடிதம் நீண்டுவிட்டது. வேளைக்குச் சாப்பிடு கண்ணு, நின்றுகொண்டே சாப்பிடாதே. எங்கே இருந்தாலும் உன்னைச் சுற்றி நல்ல மனிதர்களே அமையட்டும், நீ கை வைத்ததெல்லாம் நிறைவாக முடியட்டும், நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் இரு. அப்பா தன் பங்கு ஆசீர்வாதத்தையும் இதிலேயே சேர்த்துவிடச் சொன்னார், தனியாக எழுதச் சோம்பேறித்தனம். இருமல் இன்னும் விடவில்லை என்றால் இந்தக் கடிதத்தை மடித்து வைத்த கையோடு டாக்டரிடம் போ.

என்றும் உன் நினைவாகவே,
அம்மா