சுவரைப் பிடித்து வந்தவர்

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா? நான் சௌக்கியம்.

இங்கே ஒரு வேடிக்கை. தனியாக இருக்கும் முதியவர்களுக்கு என்ன உதவி வேண்டும் என்று வீடுவீடாகப் போய்ப் பார்ப்பதுதானே என் வேலை? இப்போது அங்கே நாங்கள் பேசுவதை என் போன் வழியாகக் கேட்டு ஏஐயே அறிக்கை எழுதிவிடுகிறது. நான் கையெழுத்துப் போட்டால் போதுமாம். முதல் நாளே எனக்கு அது சரியாகப் படவில்லை.

நேற்று ஒரு பெரியவர், "எனக்கென்னம்மா குறை? நல்லாத்தான் இருக்கேன்" என்றார். உடனே அது, 'தானே சமாளிக்கிறார், சமையல் உதவியை நிறுத்தலாம்' என்று எழுதிவிட்டது. அவர் சுவரைப் பிடித்துப் பிடித்து வந்து கதவைத் திறந்ததும், அடுப்பைப் பற்றவைக்கக் கை நடுங்கியதும் அதற்கு எங்கே தெரியும்? கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன்.

"எல்லாத்தையும் சந்தேகப்பட்டா வேலை எப்படி நடக்கும்?" என்று சலித்துக்கொண்டார் மேலதிகாரி.

"நேர்ல வந்து பாருங்க சார்."

வந்தார், பார்த்தார், அறிக்கையைத் திருத்தினார். உதவி தொடர்கிறது.

அது கிடக்கட்டும். நீங்களும் போனில் "நல்லாத்தான் இருக்கேன்" என்றுதான் சொல்கிறீர்கள். கேட்டால் மழுப்புவீர்கள் என்றுதான் எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை அண்ணியை வீடியோ எடுக்கச் சொல்லி, வாசல்வரை நடந்து காட்டுங்கள். சுவரைத் தொடக் கூடாது.

பஸ் வந்துவிட்டது. என்னை மட்டும் வீடியோவில் வரச் சொல்லாதீர்கள். நான் நல்லாத்தான் இருக்கேன்.

உங்கள் மகள்