காத்து எங்கேருந்து வருது, மச்சான்?

என் ஆசை மச்சானுக்கு,

ஸலாம். பதில் ஸலாம் வராது என்று தெரிந்தும் சொல்கிறேன். அதைச் சொல்லாமல் உங்களிடம் ஒரு நாளும் பேச்சை எடுத்ததில்லை. இப்போது மட்டும் எப்படி எடுப்பது?

நீங்கள் எப்போதும் கேட்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். காற்று வடக்கிலிருந்து. வாடை இறங்கிவிட்டது. உப்பு வாரி முடித்து, ரோட்டோரக் குவியல்களுக்கெல்லாம் கீற்று மூடிவிட்டார்கள். உப்புப் பாத்திகளில் மழைத் தண்ணீர் நிற்கிறது. நம் மகள் ஹசீனாவுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. கூரைமேல் எறியச் சொன்னால் மாட்டேன் என்கிறாள். அவள் அத்தாவுக்கு, உங்களுக்கு, காட்டணுமாம். பொட்டலம் கட்டி என் அலமாரியில் வைத்திருக்கிறாள். அவளுக்கு நான் என்ன சொல்லட்டும்?

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கும் கொஞ்சம் விளக்க வேண்டியிருக்கிறது. உங்களுக்குத் தெரிந்த கதைதான், பொறுத்துக்கொள்ளுங்கள். பொறுமை உங்களுக்குக் கிடையாது என்பதும் எனக்குத் தெரியும்.

ஷார்ஜாவிலிருந்து நீங்கள் போன் செய்தால் வீடே சுற்றி நிற்கும். மாமி பேசி, என் அத்தா பேசி, அடுத்த வீட்டுக்காரர் அங்கிருக்கும் தன் மகனுக்குச் சேதி சொல்லி, ரிசீவர் என் கைக்கு வரும்போது நமக்கு மிஞ்சுவது இவ்வளவுதான். "நல்லா இருக்கியா புள்ள?" "நல்லா இருக்கேன்." அத்தனை பேர் காதும் கேட்டுக்கொண்டிருக்க ஒரு பெண் புருஷனிடம் வேறென்ன பேசுவாள்? நம் கல்யாண வாழ்க்கையில் சேர்ந்திருந்தது உங்கள் லீவு நாள்கள் மட்டும். சண்டை போடக்கூட இடமில்லாத குடித்தனம் நம்முடையது.

அப்போதுதான் அந்த கோல்ஃப் ஆட்டத்தை நெட்டில் பிடித்தீர்கள். அங்கே கோடவுன் ஆபீஸ் கம்ப்யூட்டரில், வெள்ளிக்கிழமை லீவில், மேனேஜரைக் கேட்டுக்கொண்டு நீங்கள். இங்கே செல்வி நடத்துகிற பிரவுசிங் சென்டரில், திரை போட்ட மூலை சீட்டில் நான். "அங்க உனக்கு என்னம்மா வேலை?" என்பார் மாமி. "உங்க மகன் என்ன எழுதியிருக்காருன்னு பாக்கணும் மாமி" என்பேன். அதில் பொய்யே இல்லை. ஆட்டத்துக்குக் கீழே ஒரு சின்னப் பெட்டி இருந்தது. அதில் ஆங்கில எழுத்தில் தமிழை அடித்து ஒருவரையொருவர் வாரிக்கொண்டோம். நாம் குடித்தனம் நடத்தியது அந்தப் பெட்டியில்தான்.

கோல்ஃப் மட்டையை நாம் இருவரும் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. ஆட்டத்தின் சட்டம் மட்டும் தெரியும். கொடி நட்ட குழிக்கு யாருடைய பந்து தூரமாகக் கிடக்கிறதோ, அவர் முறை. அவர் எப்போது வந்து அடித்தாலும் சரி, மற்றவர் காத்திருக்க வேண்டும். திரையின் மூலையில் ஓர் அம்புக்குறி, பக்கத்தில் ஓர் எண். அதுதான் காற்று. புல்தரை முழுக்கக் கட்டம் கட்டமாகக் கோடு. அந்தக் கட்டங்களுக்கு நாம் வைத்த பெயர் பாத்தி.

ஆரம்பத்தில் நாம் போட்ட பந்தெல்லாம் குளத்துக்குத்தானே போயிற்று? நம் ஊரில் காற்றுக்குப் பெயரே அது வருகிற பக்கத்தை வைத்துத்தான். மேலக்காத்து என்றால் மேற்கிலிருந்து வருவது. வாடை என்றால் வடக்கிலிருந்து. காலையில் உப்பளத்துக்குப் போகிறவர்கள் "காத்து எங்கேருந்து?" என்றுதான் கேட்பார்கள். எங்கே போகிறது என்று யாரும் கேட்பதில்லை. அதனால் அம்பு வலப்பக்கம் காட்டினால், காற்று வலப்பக்கத்திலிருந்து வருகிறது என்று நானும் நினைத்தேன், நீங்களும் நினைத்தீர்கள். வலப்பக்கம் தள்ளிக் குறிவைப்போம். காற்றும் வலப்பக்கமே தள்ளும். ஷார்ஜாவிலிருந்து ஒரு பந்து, மரக்காணத்திலிருந்து ஒரு பந்து, இரண்டும் ஒரே குளத்தில். புருஷன் பெண்டாட்டி ஒற்றுமை என்றால் அதுதான்.

கடைசியில் செல்விதான் எட்டிப் பார்த்துச் சொன்னாள். பெருமுக்கல் ஊர்க்காரி, உப்பளம் அறியாதவள். "ஏங்க்கா, அம்பு எங்க போவுதோ அங்கதானே காத்தும் போவும்? நீங்க ஏன் அந்தப் பக்கமே அடிக்கிறீங்க?"

நான் உடனே உங்களுக்கு எழுதினேன். "உனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இரு" என்று பதில் போட்டீர்கள். அன்றைக்கு நான் இடப்பக்கம் தள்ளி அடித்துக் கொடிக்குப் பக்கத்தில் போட்டேன். நீங்கள் வலப்பக்கம் அடித்துக் குளத்துக்குப் போனீர்கள். மறுபடியும் போனீர்கள். மூன்றாவது முறை நீங்கள் எழுதியது இன்னும் கண்ணில் நிற்கிறது. "செல்விகிட்ட ஸலாம் சொல்லு."

பிறகு நீங்கள் என்னை மிஞ்சிவிட்டீர்கள், ஒத்துக்கொள்கிறேன். "உசர அடிச்சா பந்து ரொம்ப நேரம் மேலயே கெடக்கும், காத்து தின்னுடும். குறுக்குக் காத்துன்னா தாழ அடி புள்ள" என்று எழுதுவீர்கள். "காத்து எட்டுன்னா ரெண்டு பாத்தி தள்ளிக்கோ. அதுக்கு மேல பயப்படாத." ஏறும்போது காற்று பந்தை அவ்வளவாகத் தொடாது, இறங்கும்போதுதான் பிடித்து இழுக்கும் என்று கண்டுபிடித்ததும் நீங்கள்தான். கொடி கண்ணுக்குத் தெரியும், கைக்கு எட்டுகிற மாதிரி இருக்கும், அங்கேதான் மோசம் போவோம் என்றீர்கள். நோன்புக்கு முன்னால் ஊருக்கு வந்துவிடுவேன் என்று டிக்கெட் எடுத்த வாரம் அது.

அந்த வெள்ளிக்கிழமை உங்கள் பந்து புல்தரைக்குச் சற்று முன்னால் கிடந்தது. என்னுடையது இன்னும் பின்னால், நடுவில் குளம். குறுக்குக் காற்று எட்டு. என் முறை. அதற்குள் மழை பிடித்துக்கொண்டு கரண்ட் போய்விட்டது. அடுத்த வாரம் அடித்துக்கொள்ளலாம் என்று வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை வருவதற்குள் உங்கள் அறையில் இருந்தவர் போன் செய்தார். மார்வலி என்று உட்கார்ந்தீர்களாம், அப்படியே சாய்ந்துவிட்டீர்களாம். அங்கேயே அடக்கம் செய்ய என் அத்தா சம்மதம் சொன்னார். என்னைக் கேட்டிருந்தாலும் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று இன்றுவரை தெரியவில்லை. உங்கள் கபுரை நான் பார்த்ததில்லை. அங்கே மணல்தானே மச்சான்? காற்று அடித்தால் அந்த இடம் அடையாளமாவது தெரியுமா?

புருஷனை இழந்தவள் வீட்டோடு இருக்க வேண்டிய நாலு மாதம் பத்து நாள், இத்தாவில் உட்கார்ந்தேன். வாசல் இறங்கவில்லை. வந்தவர்கள் எல்லோரும் ஆறுதல் சொன்னார்கள், ஓதினார்கள், அழுதார்கள். எனக்கு உங்கள் முகம் நினைவுக்கு வந்த அளவுக்கு அந்தப் பச்சைத் திரையும் வந்தது. இதை யாரிடம் சொல்வது? புருஷன் போய்விட்டான், இவள் ஆட்டத்தை நினைக்கிறாள் என்பார்கள்.

இத்தா முடிந்து செல்வி கடைக்குப் போனேன். அழிந்திருக்கும் என்று நினைத்துத்தான் போனேன். செல்வி திறந்து காட்டினாள். எல்லாம் அப்படியே இருந்தது. குளம், கொடி, இரண்டு பந்து. மேலே ஆங்கிலத்தில் ஒரு வரி: யூசுப் உங்களுக்காகக் காத்திருக்கிறார்.

"ரொம்ப நாள் தொறக்கலன்னா அழிச்சிடுவானாம்க்கா. உங்க பாஸ்வேர்டு எனக்குத் தெரியுமே, நான்தானே போட்டுக் கொடுத்தேன். டெய்லி வந்ததும் மொதல்ல இதத் தொறந்துட்டு மூடுவேன். அடிக்கல. அது நீங்க அடிக்க வேண்டியது" என்றாள்.

அவள் கையைப் பிடித்துக்கொண்டு அன்றைக்குத்தான் சத்தம் போட்டு அழுதேன்.

அதற்குப் பிறகு வாராவாரம் போனேன். அந்த வரியைப் படிப்பேன், மூடிவிட்டு வந்துவிடுவேன். நான் அடித்துப் பந்து கொடிக்குப் பக்கத்தில் விழுந்தால் முறை உங்களுக்குப் போய்விடும். அப்புறம் அந்த வரி மாறிவிடும். அடிக்காதவரை நீங்கள் எனக்காகக் காத்திருக்கிறீர்கள். காலமெல்லாம் காத்திருந்தவள் நான். ஏர்போர்ட்டில், போன் பக்கத்தில், தபால்காரர் வருகிற நேரத்தில் வாசலில். ஒரு தடவையாவது நீங்கள் எனக்காகக் காத்திருக்கட்டுமே என்றிருந்தது. அந்த ஆசையை விட மனம் வரவில்லை.

போன வாரம் செல்வி ஒன்றைப் படித்துக் காட்டினாள். இந்த மாதத்தோடு அந்த ஆட்டத்தையே நிறுத்திவிடுகிறார்களாம். எல்லாம் போய்விடுமாம். "நீங்க அடிச்சாலும் போவும், அடிக்கலன்னாலும் போவும்க்கா. பாத்துக்கோங்க" என்றாள்.

இன்றைக்கு ஜும்ஆ தொழுகை நேரம் கழிந்து போனேன். அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். யூசுப் உங்களுக்காகக் காத்திருக்கிறார். இத்தனை நாளும் அதைப் படித்தால் குளிர்ந்திருக்கிறது. இன்றைக்குப் படித்தபோது குளிரவில்லை. காத்திருப்பது எப்படி இருக்கும் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? கதவு தட்டுகிற சத்தத்துக்கெல்லாம் நெஞ்சு அடித்துக்கொள்ளும். அதைப் போய் உங்களுக்குச் செய்துகொண்டிருக்கிறேனே என்று தோன்றியது. பொறுமையில்லாத மனிதரை இவ்வளவு நாள் உட்காரவைத்துவிட்டேன்.

அம்பு வலப்பக்கம் காட்டியது. பழக்கம் விடுமா? கை முதலில் வலப்பக்கம்தான் போயிற்று. நிறுத்தி, இடப்பக்கம் ரெண்டு பாத்தி தள்ளினேன். தாழ அடித்தேன். பந்து குளத்தைத் தாண்டியது. இறங்கும்போது காற்று பிடித்து வலப்பக்கம் இழுத்தது, நீங்கள் சொன்ன மாதிரியே. கொடிக்கு ஒரு பாத்திகூட இல்லை, அவ்வளவு பக்கத்தில் நின்றது. செல்வி பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள் போல. "மச்சான் பாத்தா வயிறெரிவாரு" என்றாள். சிரித்துவிட்டோம்.

திரும்பிப் பார்த்தபோது வரி மாறியிருந்தது. யூசுபுக்காகக் காத்திருக்கவும்.

சரி என்றேன். கம்ப்யூட்டரிடம்தான் சொன்னேன், உங்களுக்குக் கேட்டிருக்கும்.

வெள்ளிக்கிழமைதோறும் துஆவில் உங்களுக்காகக் கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டுவிட்டு, கடைசியில் ஊரில் காற்று எங்கேயிருந்து என்று சொல்லிவிட்டுத்தான் கையை முகத்தில் தடவுவேன். ஹசீனாவின் பல் என் அலமாரியிலேயே இருக்கும். நீங்கள் அவசரப்பட வேண்டாம். நான் அடித்துவிட்டேன், இனி உங்கள் முறை. எனக்குக் காத்திருக்கத் தெரியும்.

உங்கள் மாமன் மகள், ஹசீனாவின் அம்மா,
ஒரே குளத்தில் உங்களோடு பந்து போட்ட
பரீதா
மரக்காணம்