இன்றைய சொல்

3 ஜூன் 2024, திங்கள்

சொல்: கெலாப்பா.

எழுதி வைக்காவிட்டால் மறந்துபோகும். மறந்தால் சாயங்காலம் என் வீட்டுக்குள்ளேயே என்னை விடமாட்டார். வேறு யார், அப்பாதான். காளியண்ணன், எண்பத்திரண்டு வயது, மலேசியப் பட்டாளத்தில் இருந்தவர்.

போன வாரத்திலிருந்து இந்தக் கூத்து. காலையில் காப்பி குடிக்கும்போது ஒரு மலாய் வார்த்தை சொல்வார். சாயங்காலம் ஏழு மணிக்குக் கேட்டருகே நாற்காலி போட்டு உட்கார்ந்து அதைக் கேட்பார். "பெர்ஹெந்தி! சியாப்பா இத்து?" நில், யார் அது. காவல் நிற்கும்போது அப்படித்தானாம். தினம் ஒரு சொல். தெரியாதவன் எதிரி.

கிளினிக்கில் கேட்டேன். வயசானா மனசு பழசுக்குப் போகும், ஒத்துப்போங்க என்றார்கள். போகிறேன். கெலாப்பா. தேங்காய்.

8 ஜூன், சனி

சொல்: பாயோங்.

செல்வா மறந்துவிட்டார். இருபத்தாறு வருஷமாக என் புருஷன், மழையில் மோட்டார் சைக்கிளோடு கேட்டுக்கு வெளியே நின்றார். "மாமனார் வீட்டுக்குப் பாஸ்போர்ட் கேக்கறாங்க லா" என்று என்னைப் பார்த்துக் கத்துகிறார். நான் ஜன்னலில் ஒரு குடையை விரித்துக் காட்டினேன். "பாயோங்!" என்றார். கேட் திறந்தது.

வயிறு வலிக்கச் சிரித்தேன். அப்பா சிரிக்கவில்லை. "சொல்லிக் குடுத்தியே, அது நல்லது. உள்ள இருக்கறவந்தான் சொல்லிக் குடுக்கணும்" என்றார்.

12 ஜூன், புதன்

சொல்: திக்கார். பாய்.

ரவாங்கில் கண் டாக்டரிடம் போனோம். செல்வா அசாம் ஜாவா பக்கம் திருப்பினார். பின்சீட்டிலிருந்து அப்பா அவர் தோளைப் பிடித்து, "சுத்திப் போ" என்றார். அவர் லோரி ஓட்டிய காலத்திலிருந்தே இப்படித்தான். அந்த ஊர் வழியாக அவர் போய் நான் பார்த்ததில்லை. பெட்ரோலுக்குப் பிடித்த கேடு என்று அம்மா இருக்கும்போது திட்டும்.

15 ஜூன், சனி

சொல்: லிலின். மெழுகுவர்த்தி.

நாற்காலிக்கு அடியில் பாராங் கத்தி. துரு எல்லாம் போய்ப் பளபளவென்று இருக்கிறது. எப்போது தீட்டினார்? எடுத்து அரிசி டின்னுக்குப் பின்னால் ஒளித்தேன். ஏழு மணிக்குப் பார்த்தால் மறுபடி நாற்காலிக்கு அடியில்.

கேட்டுக்கு எதிரே செம்பனைத் தோட்டம். அந்த வரிசைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்னப்பா தெரியுது?" "வருவான்" என்றார். வருவாங்க இல்லை. வருவான்.

20 ஜூன்

சொல்: காராம். உப்பு. அப்பா சரியாகச் சாப்பிடவில்லை. ஒரு நாளைக்கு இரண்டு ரொட்டிதான் உள்ளே போகிறது.

26 ஜூன், புதன்



ஃபேக்டரியில் ஓவர்டைம். வந்து சேர ஏழே முக்கால், இருட்டிவிட்டது. சொல் மறந்துபோச்சு. காலையில் அவசரத்தில் எழுதவும் இல்லை. கேட்டைத் திறந்துதான் வைத்திருந்தார், நான் பாட்டுக்கு உள்ளே போனேன். கத்தியை ஓங்கிவிட்டார். அப்பா முகமே இல்லை அது. "அப்பா, நான்தான், சந்திரிகா"ன்னேன். "பேர் கேக்கல. சொல்லைச் சொல்லு." "அப்பா, சந்திரிகாப்பா..." 

"அவனும் இப்படித்தான் பேர் சொன்னான்" என்றார். கத்தி தானாகக் கீழே விழுந்தது. அப்புறம் அவர் அழுதார். அம்மா செத்தபோதுகூட அழாத மனுஷன்.

27 ஜூன், வியாழன்

லீவு போட்டேன். கேட்டே விட்டேன், எவன் அவன் என்று.

தங்கராஜு. அப்பாவோடு ஒரே தோட்டத்து லயத்தில் பிறந்து, ஒரே நாளில் பட்டாளத்தில் சேர்ந்தவர். 1971-ல் சயாம் எல்லைக் காட்டில், கம்யூனிஸ்டு சண்டையில், எதிரி சுட்டுச் செத்தார் என்று தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். கோயில் மண்டபத்தில் மாலை போட்ட படம் இருக்கிறது. சவப்பெட்டியை அப்பாதான் ஊருக்குக் கொண்டுவந்தார்.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "மத்தியானம் சொல் மாறுச்சு. அவன் படுத்திருந்தான், காய்ச்சல். எழுந்ததும் சொல்லிடுன்னு எங்கிட்டதான் விட்டாங்க. மறந்துட்டேன். அவன் ஓடைக்குத் தண்ணிக்குப் போயிட்டான். நான் காவல். இருட்டுல வந்தான். கேட்டேன். பழைய சொல்லையே சொன்னான். அப்புறம், காளி, நான்தான்டான்னான்."

எதிரி சுட்டான் என்று மேலதிகாரிகளிடம் சொன்னவரும் இவர்தானாம். யாரும் திருப்பிக் கேட்கவில்லை.

"கொரல் தெரியலையாப்பா?"

ரொட்டியைக் காப்பியில் தோய்த்துக்கொண்டே இருந்தார். அது கரைந்து உள்ளே விழுந்துவிட்டது.

30 ஜூன், ஞாயிறு

சொல்: பிந்து. கதவு.

"வள்ளியம்மாவக் கூட்டிட்டு வா. நான் சொல்லிட்டுப் போகணும்" என்கிறார். தங்கராஜுவின் சம்சாரம். கல்யாணமாகி எட்டே மாசத்தில் தாலி அறுத்தவர். இப்போது எழுபத்து மூன்று, அசாம் ஜாவாவில் தனியாக இருக்கிறார். அசாம் ஜாவா. எவ்வளவு மக்கு நான், இத்தனை வருஷம்.

அடுத்த ஞாயிறு கூட்டி வருகிறேன் என்று கையில் அடித்துச் சொன்னேன்.

7 ஜூலை, ஞாயிறு

போகவில்லை. "அந்தம்மா அந்தப் படத்த வச்சுத்தான் பொழைக்குது. அதையும் புடுங்கணுமா?" என்கிறார் செல்வா. அப்பாவிடம், வள்ளியம்மா சின்னம்மா செரண்டாவுக்குச் சொந்தக்காரர் வீட்டுக்குப் போயிருக்காங்க என்று பொய் சொன்னேன். தலையாட்டினார்.

14 ஜூலை, ஞாயிறு

போனில் கூப்பிட்டேன். "ஹலோ, யாரு?" என்ற குரலைக் கேட்டதும் வைத்துவிட்டேன். அப்பா இப்போது படுக்கையில். இருதயம் பலவீனம், ஆஸ்பத்திரியில் வைத்தும் பலனில்லை என்று அனுப்பிவிட்டார்கள். சத்தமே வராத வாயால் காலையில் சொல் மட்டும் சொல்கிறார்.

ஏன் பயப்படுகிறேன்? அவங்களுக்காகவா, எனக்காகவா? கொலைகாரன் மகள் என்று இந்த ஊரில் தலை நிமிர முடியுமா?

18 ஜூலை, வியாழன்

காலையில் காதை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். "இன்னைக்குச் சொல் இல்ல. கேட்டத் தெறந்து வை. நான் ஒண்ணும் கேக்கமாட்டேன்."

திறந்து வைத்தேன். நாள் பூரா அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். போன் என் கையிலேயே இருந்தது. ஏழு மணிக்கு மூச்சு நின்றது. கண்ணை நான்தான் மூடினேன். மூட மாட்டேன் என்று அடம்பிடித்தது.

19 ஜூலை, வெள்ளி

பட்டாளத்து ஆட்கள் வந்து கொடி போர்த்தினார்கள். 

வள்ளியம்மா சின்னம்மா யாரோ சொல்லி வந்தார். கேட்டருகே தயங்கி நின்றார். நான்தான் உள்ளே கூப்பிட்டேன். அப்பா நெஞ்சின்மேல் கை வைத்து அழுதார். "என் புருஷன ஒத்த ஆளா தோள்ல சுமந்து வந்த மனுஷன்." என் கன்னத்தைத் தடவி, "கடைசியில அவரு என்ன சொன்னாருன்னு உங்கப்பாகிட்ட ஒரு தடவ கேக்கணும்னு இருந்தேன் தாயி. ஒருநாளும் வீட்டுப் பக்கம் வரல. உங்கிட்ட ஏதும் சொன்னாரா?" என்றார்.

"காப்பி குடிங்க சின்னம்மா" என்றேன்.

4 ஆகஸ்ட், ஞாயிறு

கருமகிரியை முடிந்தது நேற்று. சின்னம்மா போகும்போது, "ரவாங் போறப்ப வீட்டுக்கு வந்துட்டுப் போ. ரோட்டோரந்தான், வாசல்லதான் உக்காந்திருப்பேன்" என்றார். சரி என்றேன். வாய் எப்படிச் சொன்னதோ.

21 ஆகஸ்ட், புதன்

அப்பாவின் பத்திர வேலையாக ரவாங் போனோம். செல்வா அசாம் ஜாவா பக்கம் திருப்பினார்.

"சுத்திப் போங்க" என்றேன்.

கண்ணாடியில் என்னை ஒரு தடவை பார்த்தார். காரைத் திருப்பினார்.