மகளுக்கு மட்டும் அனுப்பிய படம்

12 மார்ச் 2015, வியாழன்

இதழியல் வகுப்புக்காக, புலம்பெயர்ந்த தமிழரின் கடைகள் நிறைந்த லா சப்பல் பகுதியில் ஒரு சாப்பாட்டுக்கடையில் கோப்பை கழுவும் சிவம் அண்ணையைக் கைபேசியில் இரண்டு நிமிடப் படம் எடுத்தேன். நேற்று அதை வகுப்பின் இணையத்தளத்தில் ஏற்றினேன். இன்று மத்தியானம் அவருக்குக் காட்டப் போனேன். ஈரக்கையைத் துடைத்துவிட்டுச் சிரித்தபடி பார்த்தார்.

“தங்கச்சி, இதை யாழ்ப்பாணத்திலயும் பாக்கலாமோ?”

“ஓம் அண்ணை, எங்கையிருந்தும் பாக்கலாம்.”

அவர் முகம் மாறிவிட்டது. “என்ர மகளுக்கு நான் இஞ்சை ஒஃபிஸில வேலை எண்டுதான் தெரியும்.”

படமெடுக்கச் சம்மதம் கேட்டேனே தவிர, யாரெல்லாம் பார்ப்பார்கள் என்று நான் சொல்லவேயில்லை. அவர் கண்முன்னாலேயே படத்தைத் தளத்திலிருந்து நீக்கினேன். ஆனாலும் அந்தப் பிள்ளை அதற்குள் பார்த்திருந்தால்?

மாலையில் கார் து நோர் நிலையத்தில் ரயிலுக்காக நின்றபோது அவரே அழைத்தார்.

“மகளோட கதைச்சனான். எல்லாத்தையும் சொல்லிப்போட்டன். பிறகு, ‘தண்ணி சரியான குளிரோ அப்பா?’ எண்டு கேட்டாள்.” தொடர்ந்து சொன்னார்: “அந்தப் படத்தை அவளுக்கு மட்டும் அனுப்பிவிடு தங்கச்சி.”

அனுப்பிவிட்டேன். நாளை வகுப்பில் கொடுக்க என்னிடம் எதுவும் இல்லை. ஆசிரியரிடம் நடந்ததை அப்படியே சொல்லப்போகிறேன்.