கோதைக்கு ஒரு கத்தி செட்

4-2-1991
கோதைநாயகி கோபித்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்கு, மகள் வீட்டுக்குப் போய் இன்றோடு இருபது நாள். நான் போகச் சொல்லவில்லை. வரவும் சொல்ல மாட்டேன்.

முட்டி தேய்ந்துவிட்டது, தரையில் உட்காரக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். அரிவாள்மணையை விட்டுவிட்டு இனி மேடையில் நின்று கத்தியால் நறுக்குவாளாம். "எங்கம்மா எழுபது வயசுலயும் மணையிலதான் உக்காந்து நறுக்கினா" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். மனைவியிடம் அதைக்கூடச் சொல்லக் கூடாதா?

7-2
கடைக் கத்தியை வாங்கிக்கொண்டு போய் அவள் முன்னால் நின்றால் நான் தோற்றவன். செய்துகொண்டு போனால் கதை வேறு.

சேக் முகைதீன் இரும்புக் கடையில் 'நீங்களே கத்தி செய்யுங்கள்' என்று மூன்று வகை செட் வந்திருக்கிறது. கைப்பிடி இல்லாத அலகு, இரண்டு மரத்துண்டு, பித்தளை ரிவிட், உப்புத்தாள். "பொழுதுபோக்குக்கா அண்ணாச்சி?" என்றார் பாய். மில்லில் முப்பத்தொரு வருடம் பிட்டர் வேலை பார்த்தவன். சர்டிபிகேட் இல்லை என்று கடைசிவரை ஹெல்பர் சம்பளம். மிஷின் நின்றால் மட்டும் என் பெயர் ஞாபகம் வரும். எனக்குப் பொழுதுபோக்கா?

8-2
மஞ்சள் பையில் அரத்தை எடுத்துக்கொண்டு மறுபடி போனேன். மலிவுச் செட்டின் அலகில் ஓர் இழுப்பு. அரம் கடித்தது. பதம் ஏற்றாத இரும்பு. என்னிடம் உலை கிடையாது. அலகு பதமாகத்தான் வர வேண்டும்.

"அரம் போட்டதை நான் யாரு தலையில கட்ட?"

"பதமில்லாததை என் தலையில கட்டப் பாத்தீரே, அது மட்டும் சரியா?"

விலை கூடியதில் தோல் உறை, பளபளப்புப் பெட்டி, இங்கிலீஷ் புத்தகம். ஆனால் அதன் அலகும் நடு விலைச் செட்டின் அலகும் ஒன்றுதான். பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளந்தேன். நீளம், கனம், அரம் வழுக்குகிற விதம் — எல்லாம் ஒன்று. பெட்டிக்குக் காசு கொடுக்கிறவன் கொடுக்கட்டும். நடுச் செட்டில் மரம் மட்டம்தான். மரத்தை மாற்றலாம், எஃகை மாற்ற முடியாது. அதையே எடுத்தேன்.

"பொண்ணு பாக்கக்கூட ஒரு தடவைதான் அண்ணாச்சி போவாக" என்றார் பாய்.

"ஒரு தடவை பாத்ததுதான் தப்பாப் போச்சு."

15-2
செட்டு மரத்தைத் தூர எறிந்துவிட்டுப் புளியங்கட்டையில் கைப்பிடி. என் உள்ளங்கையை வைத்துக் கோடு போட்டேன். விரலுக்கு விரல் பள்ளம். இப்படி ஒரு கைப்பிடியை எந்தக் கம்பெனிக்காரன் செய்வான்?

16-2
மகள் அரவிந்தவல்லி வந்தாள். "வந்து 'வா'ன்னு ஒரு வார்த்தை சொல்லுங்கப்பா. அம்மா கெளம்பிருவா." கத்தி முடியட்டும் என்றேன்.

22-2
முடிந்தது. தாளைச் சத்தமில்லாமல் கிழிக்கிறது.

24-2
போனேன். கத்தியைக் கைக்குக் கை கொடுக்கக் கூடாது, மேடையில் வைத்தேன். கோதை எடுத்தாள். அவள் விரல்கள் கைப்பிடியைச் சுற்றி வரவே இல்லை. ஒரு கத்தரிக்காய் நறுக்கினாள். இரண்டாவதில் கத்தி நழுவியது. கீழே வைத்துவிட்டாள்.

"நல்லாத்தான் இருக்கு. உங்க கைக்கு."

"பழகினாச் சரியாயிரும்."

"முப்பத்தெட்டு வருசமாப் பழகிட்டுதான இருக்கேன்."

கடைசி பஸ் பிடித்து ராஜபாளையம் வந்தேன். அலகை அம்புட்டு அளந்தேனே. அவ கையை — சரி, அவள் இங்கே இருந்தால் அளந்திருப்பேன். இருந்தாளா?

26-2
கைப்பிடியை இழைத்துக் குறைக்கலாமே என்று மகள் சொல்லிவிட்டிருக்கிறாள். குறைத்தால் நான் செய்தது தப்பு என்றாகும். குறைக்க மாட்டேன்.

11-3
ஸ்ரீவில்லிபுத்தூர். பக்கத்து வீட்டு ரத்தினத்திடம் சாவியைக் கொடுத்து, இரண்டு நாளில் வருவேன் என்று சொல்லி வந்தது. ஒன்பது நாள் ஆகிறது.

காலையில் மேடையருகே நின்று அந்தக் கத்தியால் நான் நறுக்குகிறேன். மாப்பிள்ளை பார்த்தும் பார்க்காத மாதிரி ஆபீஸ் போகிறார். கோதை நாற்காலி போட்டு உட்கார்ந்து நோட்டம் பார்க்கிறாள். இன்று வெண்டைக்காய்.

"எம்புட்டுப் பெருசு! மாட்டுக்கா போடுதிய?"

அடுத்த காயைச் சிறிதாக நறுக்கினேன்.