துரையின் பெட்டியில் ஏறிய ஊர்

ரங்கூன், 9 மார்ச் 1926, செவ்வாய்

படுத்தாலும் சிரிப்பு அடங்கவில்லை. நாளையை நினைத்தால் கொஞ்சம் பயமும் இருக்கிறது.

எங்கள் பட்டறை அதிகாரி கெல்லி துரை நாளை கப்பலேறி அயர்லாந்துக்கே திரும்பிப் போகிறார். தம் பெட்டியில் பெயர் எழுதி வாங்கிவரச் சொல்லியிருந்தார். பபேடான் கடைத்தெருவில் பெயிண்டர் மாரியப்பன், "வெறும் பேரு மட்டுமா? ஊரு போடாம எப்படிண்ணே?" என்றான். எனக்கும் நியாயமாகப் பட்டது. நானே தொண்டி சவரிமுத்துதானே! துரை ஓயாமல் சொல்லும் அவருடைய கடலோரக் கிராமத்தை முன்னால் சேர்த்து, 'கின்வாரா கெல்லி' என்று பெரிதாக எழுத வைத்தேன்.

இன்று பெட்டியைப் பார்த்ததும் துரை குனிந்து எழுத்துகளை விரலால் தடவிப் பார்த்தார். ஹெட் கிளார்க் வேலைக்கு அவர் தருவதாகச் சொன்ன சிபாரிசு போயிற்று என்றே நினைத்தேன். எழுத்துகளை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார்.

"என் ஊரை எனக்கு முன்னால் நிறுத்திவிட்டாயே, சவரி! கின்வாரா என்றால் எங்கள் பழைய பாஷையில் கடலின் தலை. கடல் உள்ளே நுழைந்து வந்து முடிகிற இடம். சரி, தொண்டி என்றால் என்ன?"

எனக்குத் தெரியவில்லை. நாளை துறைமுகத்தில் சொல்கிறேன் என்று தப்பித்து வந்தேன்.

என் மனைவி ஆரோக்கியத்திடம் கேட்டேன். "நம்ம ஊர்லயும் கடல் இருக்குல்ல? அதையே சொல்லிருங்க. துரை வந்தா பாக்கப் போறாரு?" என்று திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

தொண்டி என்றாலும் கடலின் தலைதான் என்று சொல்லப்போகிறேன். ஆனால் கப்பல் ஏணியை எடுத்த பிறகு, கரையில் நின்று கத்திச் சொல்வேன். மறுகேள்வி கேட்டாலும் என் காதில் விழாது.